பெரிய எழுத்துக்குள் ஒரு மனிதர்



சில மாதங்களுக்கு முன்னர், வெப்பநிலையை அளக்கும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு முகவையில் பனிக்கட்டி, மற்றொன்றில் வெந்நீர். மாணவர்கள் குழு குழுவாக வெப்பமானியைப் பார்த்து அளவெடுத்து ஏட்டில் குறித்துக்கொண்டிருந்தனர். அப்போது ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“டீச்சர், மீட்டருக்குச் சின்ன எழுத்து ‘எம்’ போடுறோம். கிராமுக்கும் சின்ன எழுத்து ‘ஜி’தான். செல்சியசுக்கு மட்டும் ஏன் டீச்சர் பெரிய எழுத்து ‘சி’?”

“அப்படித்தான் எழுத வேண்டும் அம்மா, அது விதி” என்றேன். அவளும் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். ஆயினும், விடை கிடைத்த மகிழ்ச்சி அவள் முகத்தில் இல்லை. நான் கூறியது பொய்யன்று. ஆனால், அது விடையுமன்று. கேள்வி கேட்ட குழந்தையை வாயடைக்கச் செய்யும் சொல்லாக ‘விதி’ என்பதைப் பயன்படுத்திவிட்டேன் என்ற உறுத்தல் வீடு திரும்பிய பின்னரும் நீங்கவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் அலகுகளைப் பட்டியலாக மனனம் செய்தோம். விசைக்கு நியூட்டன், அழுத்தத்திற்குப் பாஸ்கல், ஆற்றலுக்கு ஜூல், திறனுக்கு வாட், மின்தடைக்கு ஓம். தேர்வில் எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். அப்பட்டியலில் இருப்பவை பசித்தும் உழைத்தும் தோற்றும் வென்றும் வாழ்ந்த மனிதர்களின் பெயர்கள் என்பதனை எண்ணிப் பார்த்ததில்லை. அம்மாணவிக்கு நான் பட்ட கடனைத் தீர்ப்பதற்காகத் தேடிப் படித்தவற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழில் மறைந்துவிடும் அடையாளம்

இன்று உலகம் பின்பற்றும் அனைத்துலக அலகு முறையில் 7 அடிப்படை அலகுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிறந்து, தமக்கெனத் தனிப்பெயர் பெற்றவை 22. ஆக மொத்தம் 29. இவற்றுள் 19 அலகுகள் மனிதர்களின் பெயரைத் தாங்கியவை. அடிப்படை அலகுகளில் ஆம்பியர், கெல்வின் என இரண்டு. எஞ்சியவை நியூட்டன், பாஸ்கல், ஜூல், வாட், வோல்ட், ஓம், ஹெர்ட்ஸ், டெஸ்லா முதலியன.

இவற்றை எழுதுவதற்கு ஒரு நெறி உண்டு. ஆங்கிலத்தில் அலகின் பெயரை முழுமையாக எழுதும்போது சிறிய எழுத்திலேயே தொடங்க வேண்டும். அங்கு அது மனிதர் அல்லர், அளவு. ஆனால், குறியீடாகச் சுருக்கும்போது, அவ்வலகு ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்திருந்தால் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். மீட்டர், கிராம், வினாடி ஆகியவை மனிதர் பெயர்கள் அல்ல. எனவே சிறிய எழுத்து. நியூட்டனும் வாட்டும் பாஸ்கலும் மனிதர்கள். எனவே பெரிய எழுத்து. அதாவது, அந்தப் பெரிய எழுத்து ‘இங்கே ஒரு மனிதர் இருக்கிறார்’ என்று நமக்குக் காட்டும் ஓர் அடையாளம்.

நம் தமிழ் எழுத்திலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கிடையாது. ‘வாட்’ என்று எழுதினாலும் ‘லீட்டர்’ என்று எழுதினாலும் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். போதாக்குறைக்குச் சில பெயர்கள் வால் நறுக்கப்பட்டே அலகாகியுள்ளன. வோல்ட்டா என்ற இத்தாலியர் ‘வோல்ட்’ ஆனார். ஃபாரடே என்ற ஆங்கிலேயர் ‘ஃபாரட்’ ஆனார். ‘ஓம்’ என்றதும் நம் பிள்ளைகள் கைகூப்பிக் கண்களை மூடிக்கொள்வார்கள்! அதனுள் ஒரு பள்ளி ஆசிரியர் இருப்பதை எவ்வாறு அறிவார்கள்? எழுத்து காட்டாத அடையாளத்தைத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர்தான் வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.

அம்மாணவியின் கேள்விக்கு உரிய விடை இதுதான். ஆந்தர்ஸ் செல்சியஸ் என்பவர் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் வாழ்ந்த வானியலாளர். 1742-ஆம் ஆண்டில் அவர் தம் வெப்பநிலை அளவுகோலை வெளியிட்டார். வியப்பு என்னவெனில், அவருடைய அளவுகோல் தலைகீழானது. நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் அவர் வகுத்தார். 1744-இல் அவர் மறைந்த பின்னரே அது இன்றுள்ளபடி திருப்பி அமைக்கப்பட்டது. ‘சென்டிகிரேட்’ என்று வழங்கிவந்த அந்த அளவுக்கு, 1948-இல் கூடிய எடைகள் அளவைகள் பொது மாநாடு அவர் பெயரையே அதிகாரப்பூர்வமாகச் சூட்டியது.

கடலுக்கடியில் தொடங்கிய கதை

நம் முன்னோரின் சாணும் முழமும் உடலிலிருந்து பிறந்த அளவைகள். குறிப்பிட்ட ஒரு மனிதரின் பெயரை அளவைக்குச் சூட்டும் வழக்கம் எப்போது வேரூன்றியது? அதற்கான விடை கடலடித் தந்திக் கம்பியில் இருக்கிறது. அக்கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு.

மின்சாரம் பாயும் கம்பியைக் கடல்நீரில் போட வேண்டுமாயின், நீர் புகாத உறை தேவை. அவ்வுறையைத் தந்தது மலாயாக் காடுகளில் வளர்ந்த ‘தாபான்’ மரத்தின் பால். மலாய் மொழியில் ‘கெத்தா பெர்ச்சா’ எனப்படும் அப்பொருள் ஆங்கிலத்தில் ‘கட்டாபெர்ச்சா’ ஆயிற்று. இது நம் பாட்டன் பாட்டிமார் தோட்டங்களில் சீவிய ரப்பர் மரம் அன்று. ரப்பர் பிரேசிலிலிருந்து பின்னாளில் வந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மோன்ட்கோமரி என்னும் மருத்துவர் 1843-இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1847-இல் ஜெர்மனியின் வெர்னர் சீமன்ஸ் தந்திக் கம்பிகளுக்கு இதனை உறையாக்கினார். அதன்பின் உலகின் கடலடிக் கம்பிகள் பலவும் நம் காட்டு மரத்தின் பாலைப் போர்த்திக்கொண்டே கடலில் இறங்கின.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கடியில் அயர்லாந்தையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் கம்பி போடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அதுவும் சில வாரங்களே நீடித்தது. வைட்ஹவுஸ் என்பவர், சமிக்ஞையை வலுப்படுத்தும் எண்ணத்தில் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2000 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறைகள் இருந்த கம்பி அத்துடன் செயலிழந்தது. பெரும்பொருள் கடலில் கரைந்தது.

ஏன் இந்த நிலை? எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்தடை என்று அனைவரும் ஒருமித்துச் சொல்வதற்கு அன்று பொது அலகே இல்லை. மின்தடையை ஒருவர் ‘இத்தனை மைல் செப்புக் கம்பி’ என்றார். இன்னொருவர் ‘இத்தனை கிலோமீட்டர் இரும்புக் கம்பி’ என்றார். ஒரு கடைக்காரர் முழத்திலும் மற்றவர் கசத்திலும் வேறொருவர் கைக்கு வந்தபடியும் துணி அளந்தால் வாணிகம் என்னவாகும்? அதுதான் அன்றைய மின்துறையின் நிலை.

1861-இல் மான்செஸ்டரில் நடந்த பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில், லாட்டிமர் கிளார்க், சார்ல்ஸ் பிரைட் என்னும் இரு தந்திப் பொறியாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். மின் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டலாம் என்பதே அது. அவர்கள் கூறிய பட்டியலில் மின்னழுத்தத்திற்கு ‘ஓமா’, மின்தடைக்கு ‘வோல்ட்’! இன்றைய வழக்குக்கு நேர்மாறு. பெயர்கள் இடம் மாறின, கருத்து நிலைத்தது. அவ்வாண்டே மின்தடைக்கான பொது அலகை வகுக்க அக்கழகம் ஒரு குழுவை அமைத்தது. வில்லியம் தாம்சன் அதன் உறுப்பினர். மாக்ஸ்வெல் அடுத்த ஆண்டில் இணைந்தார். 1866-இல் வெற்றிகரமாக இயங்கிய அட்லாண்டிக் கம்பிக்குத் துல்லியமான அளவீடு பெருந்துணை புரிந்தது.

பாரிஸ் மாநாட்டில் ஐந்து பெயர்கள்

1881-இல் பாரிஸ் மாநகரில் அனைத்துலக மின்னியல் மாநாடு கூடியது. அங்கு ஐந்து பெயர்கள் ஏற்கப்பட்டன: ஓம், வோல்ட், ஆம்பியர், கூலும், ஃபாரட். ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் இத்தாலியர், ஒருவர் ஆங்கிலேயர், இருவர் பிரெஞ்சுக்காரர். அதுவரை இங்கிலாந்தில் மின்னோட்டத்திற்கு வழங்கிவந்த பெயர் ‘வெபர்’. அப்பெயர் நீங்கி ‘ஆம்பியர்’ அமர்ந்தது. வெபர் என்ற ஜெர்மானியருக்குப் பிற்காலத்தில் காந்தப் பாயத்தின் அலகாக வேறோர் இடம் கிடைத்தது. அளவை என்பது நாடுகள் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் செய்துகொண்ட உடன்பாடு என்பதற்கு இது நல்ல சான்று.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1893-இல் கூடிய மாநாடு, அமெரிக்கரான ஜோசப் ஹென்றியின் பெயரை மின்தூண்டலுக்குச் சூட்டியது. மின்காந்தத் தூண்டலை ஃபாரடேவும் ஹென்றியும் தனித்தனியே கண்டறிந்தனர். முதலில் வெளியிட்டவர் ஃபாரடே. இருந்தும் தூண்டலின் அலகு ஹென்றி; ஃபாரடேவின் பெயரோ மின்தேக்குத்திறனுக்குச் சென்றது. ஒருவர் மற்றவரை மறைத்துவிடாமல் இருவரையும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

பெயருக்குப் பின்னால் சிலர்

ஆசிரியர்களாகிய நாம் முதலில் அறிய வேண்டியவர் கியார்க் சைமன் ஓம். 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகக் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். பாடவேளை போக எஞ்சிய நேரத்தில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பிகளை வைத்துச் சோதித்துக் கண்டறிந்ததே இன்று நாம் கற்பிக்கும் ஓம் விதி. 1827-இல் அதனை நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பில்லை. மனம் நொந்து வேலையைத் துறந்தார். பல்லாண்டுகள் எளிய நிலையில் வாழ்ந்தார். 1841-இல் இலண்டன் அரச கழகம் கோப்ளி பதக்கம் அளித்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-இல், மறைந்தது 1854-இல். அவருடைய முதலெழுத்து சுழியத்தோடு குழம்பும் என்பதால், மின்தடைக்கு மட்டும் ‘ஒமேகா’ என்னும் கிரேக்க எழுத்தே குறியீடாயிற்று.

மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகக் கட்டுநரிடம் தொழில் பழகியபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் ஆர்வம் கொண்டார். உயர்கணிதம் அறியாத அவர், தாம் கண்டவற்றைப் படங்களாலும் கோடுகளாலும் விளக்கினார். ‘என் பிள்ளைக்குக் கணக்கு வராது, அறிவியலுக்கு இலாயக்கில்லை’ என்று முடிவு கட்டும் பெற்றோர் இவரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்தியவர். தம் பொறி எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குவோருக்கு விளக்குவதற்காக ‘குதிரைத்திறன்’ என்னும் அளவை வகுத்தார். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். குதிரையைக் கொண்டு அளந்தவரின் பெயரே இறுதியில் குதிரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது! மின்விளக்கின் உறையிலும் மாதந்தோறும் வரும் மின்கட்டண இரசீதிலும் இருப்பவர் இவரே. 1819-இல் மறைந்த அவர் ஒரு மின்விளக்கையும் கண்டதில்லை.

மதுவடிப்புத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். எடைகள் கீழிறங்க, அவற்றால் சுழலும் துடுப்புகள் நீரைக் கலக்க, நீர் மிகச் சிறிதளவு சூடேறுவதை அளந்தார். உழைப்பும் வெப்பமும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்கள் என்று நிறுவினார். 1882-இல் ‘வாட்’, ‘ஜூல்’ ஆகிய பெயர்களை முன்மொழிந்தவர் வில்லியம் சீமன்ஸ். கட்டாபெர்ச்சாவைக் கம்பிக்கு உறையாக்கிய வெர்னர் சீமன்சின் தம்பி இவர். 1889-இல் பாரிஸ் மாநாடு இவ்விரு பெயர்களையும் ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஜூல் மறைந்தார்.

தந்திக் கம்பிக் கதையில் நாம் கண்ட வில்லியம் தாம்சன், 1892-இல் கெல்வின் பிரபு என்னும் பட்டம் பெற்றார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயரே கெல்வின். ஆக, வெப்பநிலையின் அடிப்படை அலகுக்குள் ஒரு மனிதரோடு ஓர் ஆறும் ஓடுகிறது. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் ஆம்பியருக்கும் கெல்வினுக்கும் இயற்கை மாறிலிகளைக் கொண்டு புதிய வரையறைகள் நடைமுறைக்கு வந்தன. வரையறை மாறியது, பெயர் மாறவில்லை.

இல்லாத ஒருவரின் வாழ்க்கை வரலாறு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. லீட்டரின் குறியீடான சிறிய ‘எல்’, ஒன்று என்னும் எண்ணோடு குழம்பியது. எனவே, பெரிய எழுத்தையும் பயன்படுத்தலாம் என்று 1979-இல் ஒப்புதல் தரப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட வேதியியல் இதழில், கென்னத் வூல்னர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கிளாட் எமில் லீட்டர் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒருவர் வாழ்ந்தார் என்றும் அவர் பெயராலேயே லீட்டர் வந்தது என்றும் அதில் கூறியிருந்தார். அவருக்கு ஒரு மகளாம், பெயர் ‘மில்லி’யாம்! அனைத்தும் ஏப்ரல் மாத விளையாட்டு. இருந்தும் அதனை உண்மையென நம்பி எடுத்தாண்டவர்கள் உண்டு. பெரிய எழுத்தைக் கண்டதும் மனிதரைக் கற்பனை செய்துவிடக் கூடாது, சரிபார்க்க வேண்டும். இதையும் நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கலாம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

இவ்வளவும் படித்த பிறகு, வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்கினேன். முன்பு சரியான விடை தராததற்கு அம்மாணவியிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, பெயர்களைப் பலகையில் எழுதிக் கதைகளைச் சொன்னேன். அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மறுபடியும் கை உயர்ந்தது.

“டீச்சர், இதுல ஒரு பொம்பளப் பேருகூட இல்லையா?”

இம்முறை நான் விதியைத் துணைக்கு அழைக்கவில்லை. இல்லை என்பதே உண்மை. கதிரியக்கத்தை அளக்க 1910-இல் ‘கியூரி’ என்னும் அலகு ஏற்கப்பட்டது. அது 1906-இல் மறைந்த பியேர் கியூரிக்குரியதா, அவர் துணைவியார் மேரி கியூரிக்கும் சேர்த்தா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. 1975-இல் அனைத்துலக முறை, அவ்விடத்தில் ‘பெக்கரல்’ என்னும் பெயரை அமர்த்தியது. இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற மேரி கியூரியின் பெயர் அந்த 19-இல் இல்லை. ஒளியும் மின்காந்த அலையே என்று காட்டிய மாக்ஸ்வெல்லின் பெயரும் இல்லை. அவர் பெயரால் வழங்கிய பழைய அலகு வழக்கொழிந்தது.

மேலும் ஒரு கூட்டத்தார் உள்ளனர். தாபான் மரத்தைத் தேடிக் காட்டுக்குள் அலைந்த மலாய்க்காரர்களும் ஓராங் அஸ்லி மக்களும் இல்லாமல் அன்றைய கடலடிக் கம்பி இல்லை. பால் எடுப்பதற்காக மரங்கள் அடியோடு வெட்டிச் சாய்க்கப்பட்டன; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அம்மரம் அரிதாகிவிட்டது. உறைக்கு மூலப்பொருள் தந்த அக்கைகளின் பெயர்களை எந்த மாநாடும் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் அவளிடம் கூறினேன். அவள் சிறிது நேரம் யோசித்தாள். “அப்போ இனிமே புதுசா ஒரு அலகு வந்தா வைக்கலாம்தானே டீச்சர்?” என்றாள்.

வைக்கலாம். பட்டியல் மூடப்பட்டுவிடவில்லை. பாஸ்கலும் சீமன்சும் இடம்பெற்றது 1971-இல்; கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் சீவர்ட் ஏற்கப்பட்டது 1979-இல். பெயர் சூட்டியவர்கள் மனிதர்களே; இனிச் சூட்டப் போகிறவர்களும் மனிதர்களே.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை ஓர் அலகைப் பலகையில் எழுதும்போது ஒரு நிமிடம் நின்று, அதற்குள் இருப்பவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்து வையுங்கள். பெற்றோர்களே, மின்கட்டண இரசீது வீட்டுக்கு வரும்போது, அதிலுள்ள ‘கிலோவாட்’டில் ஒளிந்திருப்பவர் யாரென்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் சேர்ந்து தேடுங்கள். ‘அது விதி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தவற்றை நான் ஒருமுறை செய்துவிட்டேன்.